தாய்மாமன் பெயர் இல்லாத பயோடேட்டா

கடலாடி,
புதன்கிழமை.

பாசமுள்ள மாப்பிள்ளை காளீஸ்வரன் அவர்களுக்கு, உங்கள் அக்காள் புருஷன் பூமிநாதன் வணக்கம் சொல்லி எழுதுவது.

இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற உங்கள் அக்கா சேதுலட்சுமி, "நலம்னு எழுதாதீங்க. நல்லாத்தான இருக்காகன்னு அவன் இன்னும் ஒரு மாசம் பேசாம இருந்துக்கிருவான்" என்று தடுத்துவிட்டாள். ஆகவே உடம்பு எல்லோருக்கும் நலம். மற்ற விவரம் கீழே வருகிறது. அங்கே தங்கச்சியும் பிள்ளைகளும் லாட்ஜும் சௌக்கியமாக இருக்க ராமநாதசாமி பார்த்துக்கொள்வார். அவர் உங்களுக்குப் பக்கத்துத் தெருக்காரர். நான் இங்கிருந்து சொல்லி அவர் செய்ய வேண்டியதில்லை.

பாடம் நடத்திய பழக்கத்தில், விடையை முதலில் கரும்பலகையில் எழுதிவிட்டு அப்புறம் கணக்குக்குப் போகிறேன். நாளைக்கு, வியாழக்கிழமை மத்தியானம், கோயம்புத்தூரிலிருந்து உங்களுக்கு ஒரு போன் வரும். பேசப்போகிறவர் ஒரு கம்பெனிக்காரர். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எங்கே, ரயில் நிலையத்தில் கழிப்பறை எங்கே என்று ஜனங்களுக்கு வழிகாட்டும் பலகைகளை வடிவமைத்துக் கொடுப்பது அவர்கள் தொழில். என் மகள், நம் சத்யப்பிரியா, அங்கே வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். அவளுடைய பயோடேட்டா அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ‘நீங்கள் வேலை செய்து கொடுத்த வாடிக்கையாளர் ஒருவரிடம் நாங்கள் பேச வேண்டும்’ என்று கேட்டிருக்கிறார்கள். அவள் உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டாள். நீங்களோ போன வாரம், பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிட்ட உங்கள் அக்காவிடம், "எனக்கு மருமகளும் இல்ல, ஒருத்தியும் இல்ல. சத்யப்பிரியான்னு யாரையும் எனக்குத் தெரியாது" என்று சொல்லி வைத்தீர்கள். அதே வார்த்தையை நாளைக்குக் கோயம்புத்தூர்க்காரரிடம் சொன்னால், பிள்ளை எழுதியதெல்லாம் பொய் என்று ஆகிவிடும். வேலை போகும். அதைவிட, அவள் முகம் என்ன ஆகும் என்று நினைத்தால்தான் எனக்கு இந்தக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. எங்கள் நம்பர் என்றால் நீங்கள் எடுப்பதில்லை. புது நம்பர் என்றால் யாரோ ரூம் கேட்கிறார்கள் என்று முதல் மணியிலேயே எடுத்துவிடுவீர்கள். இதுதான் என் கவலை முழுவதும். ராமநாதபுரத்தில் சத்யா வேலை பார்க்கும் பிளெக்ஸ் கடை முதலாளி சஃபீர், நாளைக் காலையில் ஒரு பேனர் கட்ட ராமேஸ்வரம் வருகிறார். இதை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். போன் வருவதற்குள் படித்துவிடுங்கள்.

இனி நடந்தது நடந்தபடி. சத்யா அந்த பயோடேட்டாவைச் செய்ய எடுத்துக்கொண்ட நாட்களில் ஒரு வீட்டுக்கு மேல்தளமே போட்டிருக்கலாம். சஃபீர் கடையில் அவள் ஒரு காதுகுத்து பேனரை டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவாள். தன்னுடைய ஒரு பக்கத்துக்கு மட்டும் ராத்திரியும் பகலும் உட்கார்ந்தாள். பெயரை இரண்டு நூலளவு மேலே ஏற்றுவாள், எழுந்து போய்த் தள்ளி நின்று பார்ப்பாள், மறுபடி இறக்குவாள். கடைசியில் ஒருநாள், "அய்யா, எழுத்துப்பிழை இருக்கான்னு மட்டும் பாருங்க" என்று எனக்கு அனுப்பினாள். மட்டும் என்ற சொல்லை நான் கவனிக்கவில்லை. கடைத்தெருவில் ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு சிவப்புப் பேனாவுடன் உட்கார்ந்தேன். பார்த்தால் பாதிப் பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறது. இடது ஓரத்தில் பெயர். அதன் கீழே நாலு வரியும் சில பட்டைகளும். வலது பக்கம் அவள் செய்த மூன்று வேலைகளின் படம். அவ்வளவுதான். தகப்பனார் பெயர் இல்லை, பிறந்த தேதி இல்லை, மதம் இல்லை, திருமணம் ஆகாதவர் என்று இல்லை, மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மையென்று உறுதி கூறுகிறேன் என்பதுகூட இல்லை. ‘இடம் வீணாக உள்ளது, விடை முழுமையாக இல்லை’ என்று எழுதி, ஒரு வட்டம் போட்டு அவளிடம் கொடுத்தேன்.

"அது வீணான எடம் இல்லய்யா," என்றாள். "கண்ணு ஒக்காருற எடம்."

"கண்ணு எதுக்குத்தா ஒக்காரணும்? வாசிக்கத்தானே வந்துச்சு?"

"வெயில்ல நடந்து வந்தவுக வீட்டுக்குள்ள வந்ததும் என்ன செய்றாக? மொதல்ல ஒக்காருவாக. அப்பறந்தேன் பேசுவாக."

என்னிடமே உதாரணம் சொல்கிறாள் பாருங்கள். எங்கிருந்து வந்த புத்தி என்று எனக்குத் தெரியாதா. ஆனாலும் வாத்தியார் வாய் சும்மா இருக்காது. அந்தப் பட்டைகளைப் பற்றிக் கேட்டேன். தனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் வேலைகளுக்கு எதிரே சின்னச் சின்னப் பட்டை வரைந்து, இதில் தொண்ணூறு சதவீதம், அதில் எண்பது சதவீதம் என்று நிரப்பியிருந்தாள். "இந்தப் பரீட்சைய யாரு வச்சா? வினாத்தாள் எங்க? மிச்சம் பத்து மார்க்கு எதுல போச்சு?" என்று கேட்டேன். "அதுவும் சரிதான்" என்று பட்டைகளை எடுத்துவிட்டாள். அதனால் பக்கத்தில் இன்னும் வெள்ளை கூடிப்போனது. என் வாயால் நானே இடத்தை வீணாக்கினேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அதோடு நின்றிருக்க வேண்டும். ஆனால் பிள்ளை பெயர் அச்சில் பார்க்க அழகாக இருந்தது, மாப்பிள்ளை. எனக்கு அது பெருமையாக இருந்தது. பெருமை வந்தால் மனுஷன் என்ன செய்வான், நம் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போடுவான். போட்டேன். ‘நமது சத்யாவின் பயோடேட்டா, அனைவரும் ஆசீர்வதிக்கவும்’ என்று போட்டேன். ஆசீர்வதிக்கத்தான் சொன்னேன். நம் ஜனங்களிடம் அச்சடித்த காகிதம் ஒன்றைக் காட்டினால் அவர்கள் முதலில் பார்ப்பது அதில் தங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்பதைத்தான் என்று, கல்யாணப் பத்திரிகை எத்தனையோ அடித்த எனக்கே அந்த நேரத்தில் தோன்றவில்லை. என் தங்கை உலகம்மாள் முதலில் வந்தாள். மேலே பிள்ளையார் சுழி எங்கே, குலதெய்வம் எங்கே, சாமி பேர் இல்லாத காகிதம் வெளியூர் போகலாமா என்று கேட்டாள். அடுத்து, பட்டுச்சேலை கட்டி எடுத்த போட்டோவைப் போடுங்கள், பிள்ளை களையாக இருப்பாள் என்றாள். "கோயம்புத்தூர்ல பொண்ணு பாக்கவா வாராக, வேலைக்குத்தான கூப்பிடுறாக" என்று நான் பதில் போட, "எதுக்குக் கூப்பிட்டா என்ன, மொகந்தானே மொதல்ல" என்று அவள் பதில் போட, என் தம்பி மகன் மருதுபாண்டி நடுவில் வந்து, ‘வாழ்த்தும் நெஞ்சங்கள்’ என்று ஒரு பத்தி போட்டு அதில் தன் பெயரையும், பெயருக்கு முன்னால் இளைஞர் நற்பணி மன்றத் துணைத்தலைவர் என்பதையும் சேர்த்தால் கம்பெனிக்காரனுக்குக் கொஞ்சம் பயம் இருக்கும் என்று யோசனை சொன்னான். இவ்வளவையும் நான் சிரித்துக்கொண்டேதான் படித்தேன். அப்புறம் நீங்கள் வந்தீர்கள். ஒரே ஒரு வரி. ‘தாய்மாமன் பேரு எங்க?’ நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பதில் எழுதுவதற்குள் நீங்கள் குரூப்பைவிட்டு வெளியேறினீர்கள் என்று அதுவே காட்டியது. அதைப் பார்த்ததும் சேதுலட்சுமி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். "எந்தம்பி மடியில ஒக்கார வச்சுக் காது குத்துன புள்ள. அவென் பேரு இல்லாம அவளுக்கு என்னத்துக்கு ஒரு காகிதம்" என்றாள். அன்று ராத்திரி எனக்கு மதியத்துச் சோறுதான்.

நீங்கள் கோபப்பட்டது நியாயமில்லை என்று நான் சொல்லவில்லை. மஞ்சள் நீராட்டுப் பத்திரிகையில் உங்கள் பெயர் முதலில், காதுகுத்து பேனரில் உங்கள் படம் எல்லோருக்கும் மேலே, சீர்த்தட்டு நீங்கள் கொண்டுவராமல் எங்கள் வீட்டில் எந்தச் சடங்கு நடந்தது? ஆனால் இந்தக் காகிதம் வேறு ஜாதிக் காகிதம், மாப்பிள்ளை. ஓர் உதாரணம் சொல்கிறேன். போன வருடம் நாம் எல்லோரும் காரங்காட்டுக்குப் போய், அலையாத்திக் காட்டுக்குள் படகு சவாரி போனோம் இல்லையா. படகுக்காரர் ‘கொஞ்சம் பேர் அடுத்த படகுல வாங்க’ என்று கெஞ்சினார். நம் ஆட்கள் ஒருவரைவிட்டு ஒருவர் பிரிய மாட்டோம் என்று எல்லோரும் ஒரே படகில் ஏறி, உலகம்மாள் மடியில் மருதுபாண்டியின் பிள்ளைகளும், அவர்கள் மடியில் முறுக்கு டப்பாவுமாக உட்கார்ந்தோம். திரும்பி வந்ததும் அங்கே என்ன பார்த்தீர்கள் என்று நான் கேட்டதற்கு, ‘ஒங்க தங்கச்சி முதுகப் பாத்தேன்’ என்றீர்கள். காட்டைப் பார்க்க முடியவில்லை. பயோடேட்டா என்பது அந்தப் படகு. அதில் சத்யா ஒருத்தி உட்கார்ந்தால்தான் கோயம்புத்தூர்க்காரருக்குச் சத்யா தெரிவாள். நாம் எல்லோரும் ஏறினால் உலகம்மாளின் முதுகுதான் தெரியும்.

இன்னோர் உதாரணம். இது என் அனுபவம். பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போயிருக்கிறேன். மேசையில் கட்டுக்கட்டாகத் தாள் இருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்கும். அந்த நேரத்தில், இருக்கும் இடமெல்லாம் எழுதி, ஓரத்திலும் எழுதி, வாய்ப்பாட்டைச் சுற்றிப் பூப்போட்டு வைத்த தாள் வந்தால், படிக்கும் முன்பே களைத்துப்போவோம். அடுத்து ஒரு தாள் வரும். ஓரம் விட்டு, ஒரு விடைக்கும் அடுத்ததுக்கும் நடுவே மூச்சுவிட இடம் விட்டு, கேட்டதற்கு மட்டும் பதில் எழுதியிருக்கும். அந்தப் பிள்ளை யார், எந்த ஊர் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் நம்மையும் ஒரு மனுஷனாக நினைத்து எழுதியிருக்கிறாளே என்று மனசுக்குள் ஒரு நன்றி வரும். கோயம்புத்தூரிலும் ஒருவர் அப்படிக் கட்டுக்கட்டாகத் தாளை வைத்துக்கொண்டு மத்தியானத்தில் உட்கார்ந்திருப்பார். சத்யா அவருக்காகத்தான் அந்த வெள்ளையை விட்டு வைத்திருக்கிறாள். எனக்கே இது பிறகுதான் விளங்கியது. இவ்வளவு சொல்லியும் உங்கள் மனம் ஆறாவிட்டால் என் நிலைமையைப் பாருங்கள். பெற்ற தகப்பன், எனக்கு அதில் கிடைத்தது பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து. அதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய புள்ளியையும் பார்வைக்கு உறுத்துகிறது என்று எடுத்துவிட்டாள். ‘ஒங்கப்பனுக்கு ஒரு புள்ளி வைக்கக்கூட எடமில்லையாத்தா’ என்று கேட்டேன். சிரித்தாள். வைக்கவில்லை.

இதையெல்லாம் நேரில் சொல்லத்தான் போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ராமேஸ்வரம் வந்தேன். லாட்ஜ் வாசலில் உங்கள் மேனேஜர் தங்கசாமி இருந்தார். "அண்ணாச்சி மண்டபம் போயிருக்காக சார், எப்ப வருவாகன்னு தெரியாது" என்றார். வாசற்படியில் உங்கள் செருப்பு இருந்தது. மண்டபத்துக்கு வெறுங்காலோடு போனாரா என்று நான் கேட்கவில்லை. ஆசிரியர் தொழிலில், பிள்ளை பொய் சொல்லும்போது உடனே பிடிக்கக்கூடாது, கொஞ்சம் விட்டுப் பிடிக்க வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்தேன். தங்கசாமி டீ வாங்கிக் கொடுத்தார். டீ குடித்து முடிக்கும் நேரத்தில் உள்ளறையிலிருந்து, "ஏலே தங்கசாமி, போயிட்டாரா?" என்று உங்கள் குரல் வந்தது. தங்கசாமி என்னைப் பார்த்தார். நான் டம்ளரைப் பார்த்தேன். "இன்னும் இல்லண்ணே" என்று அவர் உள்ளே பார்த்துச் சொன்னார். பாவம், அவர் என்ன செய்வார். சேதுலட்சுமி கொடுத்தனுப்பிய கருவாட்டை அவரிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். சாப்பிட்டீர்கள் என்று நம்புகிறேன். கருவாட்டோடு யாருக்கும் கோபம் இல்லை.

திரும்பும் வழியில் எனக்கு ஒரு புத்தி வந்தது. அந்தப் புத்தி வராமலே இருந்திருக்கலாம். ராமநாதபுரத்தில் இறங்கி சஃபீரிடம் போய், கம்பெனிக்குப் போகிற பயோடேட்டா ஒன்று இருக்கட்டும், நம் மாப்பிள்ளைக்குக் காட்ட மட்டும் அவர் பெயரோடு இன்னொன்று செய்து கொடுங்கள், ஒரு ஓரத்தில் சின்னதாக இருந்தால் போதும் என்றேன். சஃபீர் நல்ல மனுஷர். "இதுக்குப் போயி கவலப்படுறீங்களே சார், தாய்மாமன் இல்லாம ஒரு டிசைனா. நீங்க ஒக்காருங்க" என்று அவரே கம்ப்யூட்டரில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் சின்னதாகச் செய்யத் தெரியாது என்பதை நான் மறந்துவிட்டேன். சத்யாவின் படத்தை நடுவில் வைத்தார். பின்னால் சூரிய உதயம் வந்தது. மேலே உங்கள் படம், கூலிங்கிளாஸ் போட்டது. உங்களுக்கு இரண்டு பக்கமும் சிங்கம். ‘வேலை தேடி வெளியூர் செல்லும் எங்கள் குலக்கொழுந்தே’ என்று வளைத்து எழுதினார். உலகம்மாள் படம் அவரிடம் பழைய பேனரில் இருந்தது, அதையும் போட்டார். மருதுபாண்டி கைகூப்பிக்கொண்டு வந்தான். கல்வித்தகுதி எங்கே என்று கேட்டேன். சிங்கத்தின் காலடியில் காட்டினார். அதைப் பார்த்துக்கொண்டு நான் நிற்கும்போதுதான், ஞாயிற்றுக்கிழமை வர மாட்டாள் என்று நினைத்த சத்யா, ஏதோ அவசர வேலை என்று கடைக்குள் வந்தாள்.

திரையில் தன் முகத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சஃபீர் எழுந்து நின்றுவிட்டார். "அய்யாதேன் கேட்டாக" என்றார் மெல்ல. பிள்ளை கத்துவாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த பேனரை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மவுஸைப் பிடித்து, உங்கள் படத்தைச் சற்றுக் கீழே இறக்கி, தலை விளிம்பில் இடிக்காமல் சுற்றிலும் ஒரே அளவு இடம் விட்டாள். "மாமா தல முட்டிக்கிட்டு இருந்துச்சு" என்றாள். கம்பெனிக்குப் போகாத ஒரு காகிதத்தில்கூட உங்கள் தலை முட்டுவதை அவளால் பொறுக்க முடியவில்லை, மாப்பிள்ளை. அதைப் பார்த்த நான் அங்கே நிற்க முடியாமல் வெளியே போய் நின்றேன்.

பின்னாலேயே வந்தாள். "மாமா பேரு இதுல இல்லன்னு எல்லாரும் சொல்றீக. மாமாவோட சுவரு இருக்கே, அத ஒருத்தரும் பாக்கலயா?" என்றாள். உண்மையில் நான் பார்க்கவில்லை. எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னதால் எழுத்தைத்தான் பார்த்தேன், படத்தைப் பார்க்கவில்லை. குரூப்பில் ஒருவரும் பார்க்கவில்லை. நீங்களும் பார்க்கவில்லை. வலது பக்கத்தில் மூன்று படம் என்றேனே, அதில் முதலாவதும் பெரியதும் உங்கள் லாட்ஜுக்குத் திரும்பும் சந்து முனைச் சுவர். நினைவிருக்கிறதா? முன்பு அந்த முனையில் நீங்கள் மூன்று போர்டு உயரத்தில் மாட்டியிருந்தீர்கள். லாட்ஜ் பெயர், உங்கள் படம், ராமர் பாலம், இருபத்திநாலு மணி நேரமும் வெந்நீர், நாலு போன் நம்பர். வடநாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் அதைப் பார்த்துவிட்டு யாரோ தேர்தலில் நிற்கிறார் என்று தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். சத்யா லீவில் வந்தபோது அந்த முனையில் கல்லில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோயிலுக்குள் தீர்த்தமெல்லாம் ஆடிவிட்டு ஈரத்துணியோடு வருகிறவர்கள், வழுக்கிவிடுமோ என்று கீழே பார்த்துத்தான் நடக்கிறார்கள், மேலே யாரும் பார்ப்பதில்லை என்று கண்டுபிடித்தாள். போர்டை எல்லாம் இறக்கிவிட்டு, சுவரில் முழங்கால் உயரத்துக்கு, ஈரக்கால் தடம் வரிசையாகப் போய்ச் சந்துக்குள் திரும்புவதுபோல நீலத்தில் வரைந்தாள். பக்கத்தில் ‘அறை’ என்று நாலு மொழியில் ஒரு சொல். அவ்வளவுதான்.

அன்றைக்கு நீங்கள் போட்ட சத்தம் எனக்கு மறக்கவில்லை. "போர்டுன்னா ஒசரத்துல இருக்கணும்த்தா. நாயி காலத் தூக்குற ஒசரத்துலயா எந்தொழில வரைவாக? எம் பேரு எங்க? எம் போட்டோ எங்க?" என்று தெருவே கேட்கக் கேட்டீர்கள். ஆனால் அழிக்கவில்லை. சத்யா அதைத்தான் சொன்னாள். "கடைக்கு வர்றவுக எல்லாரும் சிங்கம் போடு, பூப்போடுன்னு சொல்லிட்டுத்தேன் வருவாக. மாமா மட்டுந்தேன் ‘ஒனக்கு என்ன தோணுதோ செய்’னு ஒரு சுவத்தக் குடுத்தாரு. திட்டுனாரு, ஆனா அழிக்கல. அவருதேன் எனக்கு மொதக் கஸ்டமரு. கம்பெனிக்காரவுக பேசணும்னா அவருகிட்டத்தேன் பேசணும். வேற யாரு நம்பரும் குடுக்க மாட்டேன்." நான் சொன்னேன், மாமா கோபத்தில் இருக்கிறார், பெரியபட்டினத்தில் நீ கடைப்பலகை செய்து கொடுத்தாயே ஹமீதா பானு, அந்த அம்மா நம்பரைக் கொடுப்போம் என்று. கேட்கவில்லை. "மாமாவே என்னையத் தெரியாதுன்னா, அந்த வேல எனக்கு வேண்டாம்யா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் வேலையைப் பார்த்தாள். பேரனோ பேத்தியோ எடுக்கிற வயதில் எனக்கு இப்படி ஒரு பரீட்சை. இதில் எழுதுகிறவன் நானில்லை, நீங்கள். நான் வெளியே மரத்தடியில் நிற்கிற தகப்பன்.

ஆகவே நாளைக்குப் பேச வேண்டியதை ஒரு மாதிரி விடையாகச் சொல்கிறேன். அவர் ‘சத்யப்பிரியாவைத் தெரியுமா’ என்று கேட்டால், ‘தெரியும், என் லாட்ஜுக்கு வழிப்பலகை வரைந்தவர்’ என்று சொன்னால் போதும். எங்கே காது குத்தினீர்கள் என்று அவர் கேட்க மாட்டார். நீங்களாகச் சொல்ல வேண்டாம். தாய்மாமன் என்பதையும் முதலிலேயே சொல்லாதீர்கள். சொன்னால், சொந்தக்காரர் புகழத்தானே செய்வார் என்று அவர் பேனாவை மூடிவிடுவார். கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள், மறைக்கச் சொல்லவில்லை. பலகை எப்படி என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள். நன்றாக இல்லை என்று நினைத்தால், ஈரமாக இருக்கிறது என்றாவது சொல்லுங்கள். நாய் விஷயம் வேண்டாம். சுருக்கமாகப் பேசுங்கள். அவள் பயோடேட்டா எப்படி இருக்கிறதோ அப்படி, சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டுப் பேசுங்கள். பேசி முடித்ததும் எங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னால், உங்கள் அக்கா சோறாக்குவாள்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, நீங்கள் நினைத்ததைவிட நல்ல இடத்தில் உட்கார வேண்டும். உங்கள் லாட்ஜில் எல்லா அறையிலும் எப்போதும் விளக்கு எரிய வேண்டும். உங்களுக்குக் கோபம் வந்தாலும், அது உப்புக்காற்று பட்ட பூட்டு மாதிரி இறுகாமல், தட்டினால் திறக்கிற கோபமாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் மச்சான்,
பூமிநாதன்.

பின்குறிப்பு: வியாழன் காலை. மேலே உள்ளதை உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். இப்போது பிரித்து எழுதுகிறேன். கோயம்புத்தூர்க்காரர் நேற்றுச் சாயங்காலமே உங்களுக்குப் பேசிவிட்டாராம். நீங்கள் எடுத்த எடுப்பில் ‘நான் அவ தாய்மாமன்’ என்று சொன்னீர்களாம். காதுகுத்தில் ஆரம்பித்து, மஞ்சள் நீராட்டில் எத்தனை தட்டு வந்தது என்பது வரைக்கும் அவர் கேட்டுக்கொண்டாராம். நாயையும் சொல்லிவிட்டீர்களாம். அதற்கு மேல் ஒரு புகார் வேறு. "அந்தக் காலத் தடத்த வரஞ்சதுலருந்து ஒரு பய எங்கிட்ட வழி கேக்க மாட்டேங்குறான் சார். முன்னெல்லாம் முக்குல சேரப் போட்டு ஒக்காந்து, எந்த ஊரு, எத்தன பேருன்னு பேசிப் பேசிக் கூட்டியாருவேன். இப்பம் அவுகபாட்டுக்குக் கீழ பாத்துக்கிட்டே நேரா உள்ள வந்துர்றாக. பேச ஆளில்ல, பொழுதே போகல. அவளக் கூட்டிட்டுப் போறதுன்னா போங்க, ஆனா அங்கனயும் இப்பிடித்தேன் ஆகும், பின்னாடி என்னையச் சொல்லாதீக" என்று எச்சரித்தீர்களாம். ஒரு வழிப்பலகைக்கு இதைவிட நல்ல சான்றிதழை நான் கேட்டதில்லை என்று அவர் சத்யாவிடம் சொல்லி, வேலைக்கு வரச் சொல்லிவிட்டார். இதை எங்களிடம் சொல்லும்போது சத்யா சிரித்தாள், சேதுலட்சுமி அழுதாள், இரண்டு பேரும் மாறி மாறி. ஆகவே நான் எழுதிய மாதிரி விடையைக் கிழித்துவிடுங்கள். நீங்கள் எழுதியதுதான் விடை.

இன்னொன்று. கடிதத்தை வாங்க வந்த சஃபீர், சத்யாவுக்குத் தெரியாமல் ஒரு செய்தி சொன்னார். கம்பெனிக்காரர் அந்தச் சுவரைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்பதால் நீங்கள் சந்து முனையில் கட்ட ஒரு பேனருக்குச் சொல்லியிருக்கிறீர்களாம். சுவரை மறைக்காமல் கட்டினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதில் என் படமும் உண்டு என்று கேள்விப்பட்டேன். சஃபீரிடம் இருப்பது பணி ஓய்வு விழாவில் எடுத்தது. மாலை முகவாயை மறைக்கிறது. வேறு நல்ல படம் ஒன்று கொடுத்தனுப்பியிருக்கிறேன். சிங்கம் போட்டால் எனக்கும் ஒன்று போடச் சொல்லுங்கள்.